பிரச்சாரம் பக்கத்து வீட்டாரிடமும் பேச வேண்டும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எதிரான வன்முறையை ஒழிப்பதற்காக ஆண்டுதோறும் நவம்பர் 25 முதல் டிசம்பர் 10 வரை நடைபெறும் பதினாறு நாள் பிரச்சாரம் இந்த ஆண்டும் நம் திருநெல்வேலிச் சீமையில் நடந்து முடிந்திருக்கிறது. அதைப் பற்றிய செய்திகளையும் படங்களையும் தங்கள் நாளிதழில் தொடர்ந்து படித்து வந்தேன். ஒரு கல்லூரி அரங்கில் நடந்த கூட்டத்துக்கு அழைப்பு வந்ததால் நேரிலும் போயிருந்தேன். முக்கூடல் வட்டாரத்தில் 1989 முதல் 34 ஆண்டுகள் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அந்தக் கூட்டம் முடிந்து பேருந்தில் ஊர் திரும்பும்போது மனத்தில் ஏறிய பாரம் இன்னும் இறங்காத காரணத்தால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

அரங்கு நிறைந்திருந்தது. மாணவிகள் ஆரஞ்சு நிறத்தில் உடுத்தி வந்து உறுதிமொழி எடுத்துக்கொண்டார்கள். பேசியவர்கள் எல்லோருமே உள்ளபடியான அக்கறையோடுதான் பேசினார்கள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அத்தனை பேச்சும் ஒரே ஒரு ஆளைப் பார்த்தே பேசப்பட்டது. பயப்படாதே, வாயைத் திறந்து சொல், புகார் கொடு, பெண்கள் உதவி எண் 181-ஐ அழை என்று அடிபடுகிற பெண்ணுக்கே ஒருவர் மாற்றி ஒருவர் புத்தி சொன்னார்கள். அவள் அலறுவதைச் சுவருக்கு அப்பாலிருந்து கேட்கிற பக்கத்து வீட்டுக்காரருக்கோ, அவள் கணவனோடு தினமும் டீக்கடைப் பெஞ்சில் உட்காருகிறவருக்கோ, நாளைக்கு அவளைக் கூப்பிட்டு வைத்துப் “பேசித் தீர்த்துக்கிடலாம்” என்று சொல்லப்போகிற ஊர்ப் பெரியவருக்கோ சொல்வதற்கு அந்த மேடையில் ஒரு வார்த்தையும் இல்லை. அவர்களில் யாரும் அந்த அரங்குக்கு வந்திருக்கவும் இல்லை.

பிரச்சாரம் தொடங்கும் நவம்பர் 25 என்ற இந்த நாள் பிறந்த கதையை அங்கே ஒருவர் சுருக்கமாகச் சொன்னார். டொமினிக்கன் குடியரசில் ட்ருஹியோ என்னும் சர்வாதிகாரியின் ஆட்சியை எதிர்த்து நின்ற பாட்ரியா, மினர்வா, மரியா தெரேசா என்னும் மிராபல் சகோதரிகள் மூவரையும் 1960 நவம்பர் 25 அன்று வழிமறித்துக் கொன்றார்கள். பிறகு உடல்களை அவர்கள் வந்த வண்டியிலேயே போட்டு மலைச்சரிவில் உருட்டிவிட்டு, வாகன விபத்து என்று சொன்னார்கள். நாட்டு மக்கள் அதை நம்பவில்லை. 1981-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் கூடிய லத்தீன் அமெரிக்கப் பெண்கள் அந்த நாளை வன்முறைக்கு எதிரான நாளாக அறிவித்தார்கள். 1991-இல் பதினாறு நாள் இயக்கம் தொடங்கியது. 1999-இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை நவம்பர் 25-ஐ அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது. இந்தக் கதையைக் கேட்டபோது என் கண் முன்னால் வந்து நின்றது துணை சுகாதார நிலையத்தில் நான் எழுதிய பதிவேடுகள்தான். ஒரு கொலையை விபத்து என்று சொன்னபோது அதை ஏற்க மறுத்தவர்களால் உண்டான நாள் இது. நானோ, எத்தனையோ அடிகளை விபத்து என்றே பதிவேட்டில் எழுதியவள்.

1990களின் நடுவில் ஒரு நாள், ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி பரிசோதனைக்கு வந்தாள். கண்ணுக்குக் கீழே கன்றிப்போய் வீங்கியிருந்தது. “ராத்திரி கரண்டு இல்லக்கா, நடையில தட்டி விழுந்துட்டேன்” என்றாள். நடையில் தட்டி விழுந்தவளின் மேல்கையில் நான்கு விரல்களின் தடம் எப்படிப் பதிந்தது என்று நான் கேட்கவில்லை. ‘தவறி விழுந்ததால் காயம்’ என்று எழுதி, இரும்புச்சத்து மாத்திரையைக் கையில் கொடுத்து அனுப்பினேன். குறைமாதத்தில் அவளுக்குப் பிறந்த பிள்ளை மூன்று நாள்தான் இருந்தது. துக்கம் கேட்கப் போன இடத்தில், அடுத்த வீட்டுப் பாட்டி என்னைத் தனியே கூப்பிட்டு, “மாசத்துல நாலு நாளு அந்தச் சத்தம் கேக்கும்மா, நாம என்னத்தச் சொல்ல, அவிய வீட்டு விசயம்” என்றார். பாட்டிக்குத் தெரிந்திருந்தது, எனக்கும் தெரிந்திருந்தது, தெருவுக்கே தெரிந்திருந்தது. சொல்ல வேண்டியவள் அவள் மட்டும்தான் என்று நாங்கள் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்துகொண்டதுபோல் இருந்துவிட்டோம். அன்று குடும்ப வன்முறைச் சட்டம் இல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டதும் உண்டு. ஒரு கேள்வி கேட்பதற்குச் சட்டம் எதற்கு?

2019–21-இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானதாகச் சொல்லியிருக்கிறார்கள். நாடு முழுவதற்கும் அந்த எண்ணிக்கை நூற்றுக்கு 29. படிப்பிலும் மருத்துவத்திலும் முன்னால் நிற்கிற மாநிலம் இதில் நாட்டின் சராசரிக்கும் மேலே இருப்பது நமக்கு வெட்கம் தர வேண்டும். அதே கணக்கெடுப்பில் என்னை இன்னும் அதிகமாக வருத்திய எண் ஒன்று உண்டு: உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ வன்முறைக்கு ஆளான இந்தியப் பெண்களில் யாரிடமாவது உதவி கேட்டவர்கள் நூற்றுக்கு 14 பேர்தான். ஆக, ‘நீ வந்து சொல்’ என்று பாதிக்கப்பட்டவளைப் பார்த்து மட்டும் பேசுகிற பிரச்சாரம், மீதி 86 பேரின் வாசலுக்கு வெளியே நின்றுவிடுகிறது.

சட்டம் அப்படி நின்றுவிடவில்லை என்பதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறோம். 2005-இல் இயற்றப்பட்டு 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ள குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, வன்முறை நடந்திருக்கிறது, நடக்கிறது அல்லது நடக்கக்கூடும் என்று நம்பக் காரணம் உள்ள எவரும், இதற்கென அரசு நியமிக்கும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம் என்கிறது; நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர் மீது எந்தச் சட்டப் பொறுப்பும் வராது என்றும் சேர்த்தே சொல்கிறது. ‘எவரும்’ என்ற அந்தச் சொல்லுக்குள் பக்கத்து வீட்டுப் பாட்டி அடக்கம், பால்காரர் அடக்கம், நானும் அடக்கம். குழந்தைகள் விஷயத்தில் சட்டம் இன்னும் கடுமையானது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்க 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் உள்ள போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, ஒரு குழந்தைக்குப் பாலியல் குற்றம் இழைக்கப்பட்டது தெரிந்தவர் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் மறைத்தால் 21-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைத்தண்டனையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். என் வட்டாரத்தில் போக்சோ என்ற பெயரைக் கேள்விப்படாதவர்கள் அரிது. தெரிந்தும் சொல்லாமல் இருப்பது தனியொரு குற்றம் என்பதைக் கேள்விப்பட்டவர்களோ மிகச் சிலர்.

இந்தச் சட்டங்களை மக்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது அரசு தன் தயவால் செய்கிற வேலையும் அல்ல. குடும்ப வன்முறைச் சட்டத்தின் 11-ஆம் பிரிவும் போக்சோ சட்டத்தின் 43-ஆம் பிரிவும், தொலைக்காட்சி, வானொலி, அச்சு ஊடகம் ஆகியவற்றின் வழியாகக் குறிப்பிட்ட கால இடைவெளிகளில் தொடர்ந்து பரவலாக விளம்பரப்படுத்த வேண்டும் என்று அரசுகளுக்குக் கடமை விதிக்கின்றன. ஆண்டில் பதினாறு நாள் பதாகை கட்டிவிட்டுக் கழற்றிக்கொண்டு போவதால் அந்தக் கடமை நிறைவேறியதாக ஆகாது.

‘பேசித் தீர்ப்பது’ பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். ஏனென்றால் நம் ஊர்களில் வன்முறையைக் காப்பாற்றி வைத்திருப்பது, என் அனுபவத்தில், குடியைக் காட்டிலும் இந்தச் சமாதானப் பேச்சுதான். வரப்புத் தகராறையும் தண்ணீர்த் தகராறையும் ஊர்க்கூட்டத்தில் பேசித் தீர்ப்பது நல்ல வழக்கம். அதனால் எத்தனையோ குடும்பங்கள் நீதிமன்றத்துக்கு அலையாமல் பிழைத்திருக்கின்றன. அதே வழக்கத்தை ஒரு குழந்தையின் உடம்பின் மேல் நடந்த குற்றத்துக்கும் நீட்டுவதுதான் கொடுமை. போக்சோ சட்டம் வந்து சில ஆண்டுகளுக்குப் பிறகு, நான் பணிபுரிந்த ஊர்களில் ஒன்றில், தொடக்கப்பள்ளியில் படித்த ஒரு சிறுமிக்கு நெருங்கிய சொந்தக்காரர் ஒருவரால் தீங்கு நேர்ந்தது. அந்தக் குழந்தையின் நடையில் தெரிந்த மாற்றத்தை முதலில் கவனித்தவர் அங்கன்வாடிப் பணியாளர். அவர் என்னிடம் வந்து சொல்வதற்கு முன்பே ஊர் கூடிவிட்டது. அந்த ஆளுக்கு அபராதம் போட்டார்கள். ஒரு பங்கு குழந்தையின் தகப்பனாருக்கு, மறு பங்கு ஊர்ப் பொதுப்பணத்துக்கு. குழந்தையைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, வெளியூரில் இருந்த ஆச்சி வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றும் முடிவு செய்தார்கள். குற்றம் செய்தவர் அதே தெருவில் இருக்க, குழந்தை ஊரைவிட்டுப் போக வேண்டும் என்பதுதான் அந்தத் தீர்ப்பு. அதைச் சொன்னவர்கள் யாரும் கொடியவர்கள் அல்லர். பிள்ளையின் எதிர்காலத்தைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டதாக மனதார நம்பியவர்கள். அவர்களில் ஒருவர் பிரசவத்துக்கு ஆட்டோ கிடைக்காத இரவுகளில் தன் வண்டியைக் கேட்காமலே கொண்டுவந்து நிறுத்தியவர்.

அங்கன்வாடிப் பணியாளரும் நானும் அன்று மாலையே குழந்தைகள் உதவி எண் 1098-க்குத் தொலைபேசியில் தகவல் சொன்னோம். என் வாழ்வில் அதற்கு முன் பலமுறை செய்யாமல் விட்டதை அன்றுதான் செய்தேன். சாதாரண உடையில் ஒரு பெண் காவல் உதவி ஆய்வாளர் வந்து, குழந்தை தேர்ந்தெடுத்த இடத்தில், அவள் வீட்டுப் பின்வாசலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வாக்குமூலம் வாங்கினார். போக்சோ சட்டத்தின் 24-ஆம் பிரிவு சொல்வதும் அதுதான். வழக்கு எப்படிப் போயிற்று என்பதைக் குழந்தையின் அடையாளம் கருதி இங்கே எழுதவில்லை. எங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லலாம். பத்து மாதம் அந்தத் தெருவில் எனக்கு யாரும் குடிக்கத் தண்ணீர் தரவில்லை. தடுப்பூசி நாளில் பிள்ளைகளைக் கொண்டுவர மறுத்தார்கள். வீடு வீடாகப் போய்க் கெஞ்சித்தான் போட்டேன். அதற்குப் பிறகு, பொழுது சாய்ந்த நேரங்களில், ஒவ்வொருத்தியாக வரத் தொடங்கினார்கள். “நர்சக்கா, ஒரு விசயம், ஒங்ககிட்ட மட்டுந்தான் சொல்லுதேன்” என்று ஆரம்பித்து, தன் மகளைப் பற்றி, தங்கையைப் பற்றி, சில நேரம் நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய தன்னைப் பற்றியே சொன்னார்கள். கேட்க ஒரு ஆள் இருக்கிறார் என்று தெரிந்தபின்தான் சொல்ல வாய் வருகிறது. ‘மௌனத்தைக் கலை’ என்று மேடையில் சொல்கிறவர்கள் இந்த வரிசையை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றத்தை இரு தரப்பும் சேர்ந்து சமாதானம் செய்துகொண்டோம் என்று சொல்லி வழக்கை ரத்து செய்துவிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் ஒரு ராஜஸ்தான் வழக்கில் தெளிவாகத் தீர்ப்பளித்தது. உயர் நீதிமன்றமே ரத்து செய்ய முடியாததை ஆலமரத்தடியில் எப்படி ரத்து செய்ய முடியும்? இந்த ஒரு செய்தியைத் தமிழில், பெரிய எழுத்தில், ஒவ்வொரு ஊராட்சி அலுவலகச் சுவரிலும் ஒவ்வொரு சமுதாயக் கூடத்திலும் எழுதி வைத்தாலே இந்தப் பிரச்சாரத்தில் பாதி நடந்ததாக ஆகும். ஆண்டுக்கு ஆறு முறை, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடுகிறது. கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு என்று ஒன்று இருக்க வேண்டும் என்பதும் விதி. அந்தக் குழு கடைசியாக எப்போது கூடியது, என்ன பேசியது என்று ஒவ்வொரு கிராம சபையிலும் ஒருவர் எழுந்து கேட்க வேண்டும். கேட்பவர் ஆணாக இருந்தால் இன்னும் நல்லது. அப்போதுதான் இது பெண்கள் குழு வேலை என்று ஒதுக்கிவிட மாட்டார்கள்.

எங்கே பேசுவது என்பதையும் யோசிக்க வேண்டும். முக்கூடல், பாப்பாக்குடி, ஆலங்குளம், கடையம், வீரவநல்லூர், மேலப்பாளையம் என்று எந்தப் பக்கம் போனாலும் மடியில் சுளவை வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிற பெண்களைப் பார்க்கலாம். இலையும் தூளும் வாங்கிவந்து சுற்றி, கட்டுக் கட்டி, பீடிக்கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் அவர்களுக்குக் கூலி. ஒரு நாள் பகல் முழுவதும் கல்லூரி அரங்கில் உட்கார்ந்தால் அன்றைய கூலி போய்விடும். அவர்கள் எப்படி வருவார்கள்? ஆனால் பீடி கொடுக்கப் போகும் வேளையில் அந்தக் கடை வாசலில் ஐம்பது அறுபது பேர் எப்படியும் நின்றுகொண்டிருப்பார்கள். அங்கே பத்து நிமிடம் பேச முடியும். அவள் சுற்றிய பீடிக்கான கூலியைக் கணவன் பிடுங்கிக்கொண்டு போவதும், வீட்டுச் செலவுக்குத் தராமல் வதைப்பதும் சட்டப்படி பொருளாதார வன்முறை என்பதை அங்கே சொன்னால், அடுத்த நிமிடமே நான்கு பேர் கேள்வி கேட்பார்கள். கணவன் பெயரில் இருக்கிற வீடானாலும் அங்கே குடியிருந்து வந்தவளை நினைத்த நேரத்தில் வெளியே தள்ள முடியாது, குடும்ப வன்முறைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அவளுக்கு அந்தக் கூரையில் இருக்கும் உரிமையைத் தருகிறது என்று ஒருமுறை ஒரு கடை வாசலில் சொன்னேன். வரிசையில் நின்ற ஒரு வயதான அம்மா, “இதை முப்பது வருசத்துக்கு முன்னாடி சொல்லிருக்கப்படாதா தாயி” என்று கேட்டார். அப்போது இந்தச் சட்டம் இல்லை என்று பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இப்படிப் பேச முடியும் என்பதை இந்த மாவட்டம் ஏற்கெனவே ஒருமுறை காட்டியிருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் எழுத்தறிவு இயக்கமான அறிவொளி இயக்கம் இங்கே வந்தபோது யாரையும் அரங்குக்கு அழைக்கவில்லை. தெருவிளக்கடிக்கும் கோயில் முற்றத்துக்கும் பீடி சுற்றுகிற திண்ணைக்கும் போனார்கள். இலை வெட்டிக்கொண்டே எழுத்துக் கூட்டினார்கள் பெண்கள். கலைக்குழுக்கள் பாட்டும் நாடகமுமாக ஊர் ஊராகச் சுற்றின. உடல்நலம் பற்றிப் பேச என்னையும் இரவு வகுப்புகளுக்குக் கூப்பிடுவார்கள். படிப்புச் சொல்லிக்கொடுக்க வந்த தொண்டர்கள் அதே ஊர்ப் பிள்ளைகள் என்பதால், வகுப்பு முடிந்த பிறகும் யாரிடம் போய்ச் சொல்வது என்று அந்தப் பெண்களுக்குத் தெரிந்திருந்தது. இன்று பதினாறு நாள் முடிந்ததும் பேச்சாளர்கள் ஊருக்குத் திரும்பிவிடுகிறார்கள். சுவரொட்டியில் எண் இருக்கிறது, ஆள் இல்லை.

நம் ஊர்க் கோயில்களின் கொடை விழாக்களையும் நான் நினைத்துக்கொள்கிறேன். நகைக்காகக் கொல்லப்பட்ட பெண் இசக்கியானாள் என்றும், நிறைமாதக் கர்ப்பத்தில் கள்வர்களால் கொல்லப்பட்டவள் பொன்னிறத்தாள் அம்மன் ஆனாள் என்றும் வில்லுப்பாட்டில் விடிய விடியக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கொல்லப்படும் கட்டம் வரும்போது பாட்டுக்காரரின் குரல் தழுதழுக்கும்; உடுக்கை ஒலி ஏறும்; முன்வரிசையில் இருக்கும் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுவார்கள். கொல்லப்பட்டவளுக்குப் பீடம் கட்டி, பொங்கலிட்டு, அவள் கோபம் தணிய வேண்டும் என்று கும்பிடுகிற மக்கள் நாம். அநியாயமாகச் செத்த பெண் சும்மா விடமாட்டாள் என்ற அச்சம் நம் ஊர்களில் இன்றும் உயிரோடு இருக்கிறது. அந்த அச்சத்தின் அடியில் ஒரு நியாய உணர்வு கிடக்கிறது. பிரச்சாரம் தொட வேண்டியது அதைத்தான். சத்திரம் புதுக்குளத்தில் பிறந்த சுப்பு ஆறுமுகம் அவர்கள் வில்லுப்பாட்டில் நாட்டு நடப்பையும் சமூகச் செய்திகளையும் பாடி மக்களை உட்காரவைத்துக் கேட்கச் செய்தவர். கொடையில் கதை தொடங்கும் முன் அரை மணி நேரம், நம் காலத்தில் இதே தெருவில் நடப்பவற்றைப் பாட்டுக்காரர்கள் பாட வேண்டும் என்று கோயில் கமிட்டிகள் கேட்டால், பாட அவர்கள் தயாராக இருக்கிறார்கள். நானே இரண்டு குழுக்களிடம் கேட்டுவிட்டேன். கொடைக்கு வரி கொடுக்கிற ஆண்கள் அத்தனை பேரும் அங்கே இருப்பார்கள். அவர்களை வேறு எந்தக் கூட்டத்துக்கும் இப்படி வரவழைக்க முடியாது.

இதெல்லாம் எத்தனை காலம் பிடிக்கும் என்று கேட்பவர்களுக்கு நம் சீமையிலிருந்தே ஒரு கணக்குச் சொல்கிறேன். 1901-இல் கோயில் பணிக்கென்று கொடுக்கப்பட்டிருந்த ஒரு சிறுமி அங்கிருந்து தப்பி ஓடி, பண்ணைவிளையில் அப்போது தங்கியிருந்த அயர்லாந்துப் பெண்மணி ஏமி கார்மைக்கேலிடம் வந்து சேர்ந்தாள். இருட்டில் தனியே நின்ற அந்தக் குழந்தையைப் பார்த்து, இரவு தன் வீட்டில் வைத்திருந்து, காலையில் கார்மைக்கேலிடம் அழைத்துவந்தவர் உள்ளூர்ப் பெண் ஒருவர். களக்காட்டுக்குப் பக்கத்து டோனாவூரில் பிறகு எழுந்த குழந்தைகள் இல்லம் அந்த ஒரு இரவிலிருந்துதான் தொடங்குகிறது. கோயிலுக்குப் பெண் குழந்தைகளைப் பொட்டுக்கட்டி விடுவதை முற்றாகத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் வந்தது 1947-இல். இடையில் முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்தில் போராடினார், மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். அந்தக் குழந்தை ஓடிவந்ததற்கும் சட்டத்துக்கும் இடையே 46 ஆண்டுகள். பெரியவர்களின் பெயர்களை வரலாறு வைத்திருக்கிறது. கதவைத் திறந்து குழந்தையை உள்ளே விட்ட அந்தப் பெண்ணைப் போன்றவர்கள் தெருவுக்கு ஒருவர் வேண்டும் என்பதே என் வேண்டுதல்.

வீட்டிலும் பள்ளியிலும் குழந்தைகள் வாங்குகிற அடியைப் பற்றி இந்தப் பிரச்சாரத்தில் அநேகமாக யாரும் பேசுவதில்லை. ‘அடியாத மாடு படியாது’ என்றும் ‘அடி உதவுவதுபோல் அண்ணன் தம்பி உதவமாட்டான்’ என்றும் பழமொழி சொல்லி வளர்க்கிறோம். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு பள்ளியில் அடிப்பதைத் தடை செய்து பல ஆண்டுகள் ஆகியும், “கண்ணை மட்டும் விட்டுட்டு உரிச்சு எடுங்க சார்” என்று வாத்தியாரிடம் பிள்ளையை ஒப்படைக்கிற தகப்பன்மார் இன்னும் இருக்கிறார்கள். பெரியவன் சின்னவனை அடிக்கலாம், அது அன்புதான் என்று பத்து வயதில் படித்த பாடத்தைத்தான் அந்தப் பையன் இருபத்தைந்து வயதில் மனைவியிடம் ஒப்பிக்கிறான்.

இனி, தங்களிடம் நேரடியாகக் கேட்க வேண்டியவை. கணவன் மனைவியைக் கொன்ற செய்திக்குத் தமிழ் நாளிதழ்கள் பெரும்பாலும் ‘குடும்பத் தகராறில் மனைவி கொலை’ என்றே தலைப்பிடுகின்றன. தகராறு என்றால் இரண்டு பேரும் செய்தது என்றாகிறது. பல ஆண்டுகள் அடிவாங்கி, இரண்டு முறை அம்மா வீட்டுக்கு ஓடிப்போய், இரண்டு முறையும் பெரியவர்களால் சமாதானம் பேசித் திருப்பி அனுப்பப்பட்டு, கடைசியில் கொல்லப்பட்டவளின் கதை அந்த ஒற்றைச் சொல்லுக்குள் மறைந்துபோகிறது. ‘கள்ளக்காதல்’ என்ற சொல் அதைவிட மோசம். சாகடிக்கப்பட்டவளையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. ‘கற்பழிப்பு’ என்ற சொல்லைப் பத்திரிகைகள் பெரும்பாலும் கைவிட்டுப் ‘பாலியல் வன்கொடுமை’ என்று எழுதத் தொடங்கியபின், என் வட்டாரப் பெண்களின் பேச்சிலும் ‘கெட்டுப்போயிட்டா’ என்பது குறைந்து வருவதை நான் காதாரக் கேட்டிருக்கிறேன். பத்திரிகையில் வருகிற சொல் தெருவுக்கு வந்து சேர்கிறது. ஆகையால் ‘குடும்பத் தகராறு’, ‘கள்ளக்காதல்’ என்ற இரண்டு சொற்களையும் தங்கள் இதழ் கைவிட வேண்டும்.

குழந்தைகள் பாதிக்கப்பட்ட செய்திகளில் ஊர், தெரு, பள்ளி, தந்தையின் தொழில் என்று ஒவ்வொன்றாகக் கொடுத்து, பெயரை மட்டும் மறைப்பதால் பயன் இல்லை. போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவு அடையாளம் தெரியவரும் எந்த விவரத்தையும் வெளியிடக் கூடாது என்கிறது. நீதி கேட்டு மெழுகுவத்தி ஏந்துகிறவர்களும் குழந்தையின் படத்தைப் பதாகையில் போட வேண்டாம் என்று இங்கேயே கேட்டுக்கொள்கிறேன்.

தற்கொலைச் செய்திகளின் அடியில் உதவி எண்ணைத் தாங்கள் தவறாமல் வெளியிடுகிறீர்கள். அதேபோல் பெண்ணோ குழந்தையோ வன்முறைக்கு ஆளான ஒவ்வொரு செய்தியின் அடியிலும், பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098 என்று இரண்டு எண்களையும் வெளியிட வேண்டும். அவற்றோடு, ‘இந்த எண்களைப் பாதிக்கப்பட்டவர் மட்டுமல்லாமல் பார்த்தவர், கேட்டவர், அறிந்தவர் எவரும் அழைக்கலாம்’ என்ற ஒரு வரியையும் சேர்க்க வேண்டும். எங்கள் ஊர் பீடிக்கடைச் சுவரில் கடைக்காரரின் அனுமதியோடு இந்த வரியை மார்க்கர் பேனாவால் எழுதி ஒட்டியிருக்கிறேன். மழைச்சாரலில் மை கரைந்துவிடுவதால் மாதம் ஒருமுறை புதிதாக எழுத வேண்டியிருக்கிறது. தங்கள் நாளிதழில் அந்த வரி தினமும் அச்சில் வருமானால், அந்தப் பகுதியை வெட்டியே ஒட்டிக்கொள்வேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
முக்கூடல் வட்டாரம், திருநெல்வேலி மாவட்டம்.